பூங்காவே பள்ளியாக
இயற்கை வளம் பேணற் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

இயற்கை வளத்தைப் பேணல் வேண்டும் என்னுங் கூற்று இன்று எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்படுவதொன்று. அது மேடைகளிற் பேசப்படுகின்றது, பாடநூல்களிற் படிக்கப்படுகின்றது, பரீட்சைகளில் வினாவாகவும் வருகின்றது. ஆயின், பேணுதல் என்பது யாது, அதனைச் செய்வோர் யாவர், அவர் அத்தொழிலை எங்குக் கற்கின்றனர் என வினவுமிடத்து, நம்மிற் பலர் விடை காணாது மயங்குவர். ஏட்டுக் கல்வியை முடித்த மருத்துவ மாணாக்கன் மருத்துவமனையிற் பயின்ற பின்னரே தனித்து நின்று நோய் தீர்க்க அனுமதிக்கப்படுகின்றான். ஆசிரியனாக விரும்புபவனும் வகுப்பறையிற் பயிற்சி பெறல் வேண்டும். நோயுற்ற நிலத்துக்கு மருத்துவஞ் செய்யப் புகுவோனுக்கு மாத்திரம் அத்தகைய பயிற்சி வேண்டாவோ? இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டினர் கண்ட விடைகளுள் ஒன்று, பொதுப் பூங்காக்களில் இளைஞர்க்கு அளிக்கப்பெறும் பேணற் பயிற்சிப்பணியாகும். அதன் தோற்றத்தையும் முறையையும், அதனால் விளைந்த நன்மையையும், அதன்கண் உள்ள குறையையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

பூங்கா என்றதும் பூஞ்செடிகளும் புற்றரையும் இருக்கைகளும் அமைந்த நகரத் தோட்டமே நம் மனக்கண்முன் தோன்றும். இங்கு அச்சொல் அதனினும் விரிந்த பொருளில் ஆளப்படுகின்றது. மலையும் காடும் மணற்குன்றும் உவர்ச்சதுப்பும் பொதுமக்களின் உடைமையாகக் காக்கப்படும் நிலப்பரப்பே ஈண்டுப் பூங்காவெனப்படுவது. 1872 ஆம் ஆண்டில் யெலோஸ்ரோன் நிலப்பகுதி இவ்வாறு ஒதுக்கப்பட்டது. 1916 ஆம் ஆண்டில் இத்தகைய பூங்காக்களை நிருவகிக்கத் தேசியப் பூங்காச் சேவை அமைக்கப்பட்டபொழுது, அதற்கு இரு கடமைகள் ஒருங்கே விதிக்கப்பட்டன. மக்கள் பூங்காவைக் கண்டு களிக்க வழிசெய்தல் ஒன்று. வருந் தலைமுறையினர்க்கு அதனைச் சிதையாது ஒப்படைத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் எளிதில் இணங்குவன அல்ல. காண வருவோர் பெருகப் பெருகக் காக்கும் பணியும் பெருகும். அப்பணியைச் செய்யும் கைகள் யாருடையவை என்பதே முதலிலிருந்து இருந்துவரும் சிக்கல்.

பயிற்சிப்பணியின் தோற்றம்

1930களிற் பெரும் பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிற்று. தொழிலின்றித் திரிந்த இளைஞர் ஒருபுறம். மண்ணரிப்பாலும் காடழிப்பாலும் சீர்கெட்ட நிலம் மறுபுறம். இவ்விரு நோய்களுக்கும் ஒரே மருந்தாக, 1933 ஆம் ஆண்டிற் சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் குடிமக்கள் பேணற்படை என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். 1942 ஆம் ஆண்டில் அது கலைக்கப்படும்வரை ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர் அதிற் பணியாற்றினர். பாதைகள் வகுத்தல், தீயணைத்தல், மண்ணரிப்பைத் தடுத்தல் முதலியன அவர் செய்தவை. அவர் நட்ட மரங்கள் ஏறத்தாழ 300 கோடி என்பர். ஒருவனுக்குரிய மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் அவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. ஆயினும், பெண்களுக்கு அப்படையில் இடமிருக்கவில்லை. கறுப்பின இளைஞரும் தனி முகாம்களிலே ஒதுக்கிவைக்கப்பட்டனர். இச்செய்தியை நாம் பின்னர் நினைவுகூர வேண்டிவரும்.

போர் வந்தது, படை கலைந்தது. போர் முடிந்ததும் மக்கள் மோட்டார் வண்டிகளிற் பூங்காக்களை நோக்கித் திரளாகச் சென்றனர். பாதைகள் பழுதுற்றன; முகாம்கள் மாசடைந்தன; திருத்துதற்குப் பணமுமில்லை, ஆளுமில்லை. 1953 ஆம் ஆண்டில் வரலாற்றறிஞர் பேர்ணாட் டிவோற்றோ, போதிய பணம் ஒதுக்கப்படும்வரை தேசியப் பூங்காக்களை மூடிவிடலாம் எனச் சினந்து ஒரு கட்டுரை வரைந்தார். அதனைப் படித்தோருள் வாசர் கல்லூரி மாணவி எலிசபெத் குஷ்மன் என்பாரும் ஒருவர். மூடுதலினும் நன்றாகிய வழியொன்று உண்டு என அவர் எண்ணினார். உயர்பள்ளி, கல்லூரி மாணாக்கரை விடுமுறைக் காலத்திற் பூங்காக்களிற் பணியாற்றச் செய்தால், பூங்காவும் பயன்பெறும், மாணாக்கரும் கல்வி பெறுவர் என்பது அவர் கருத்து. 1955 ஆம் ஆண்டிற் பட்டப்படிப்புக்காகத் தாம் எழுதிய ஆய்வேட்டில் இதனை அவர் விரித்துரைத்தார்.

ஆய்வேடுகள் பல நூலகத் தட்டுக்களிலே துயில்வன. இஃது அவ்வாறு துயிலவில்லை. 1957 ஆம் ஆண்டுக் கோடையில் ஒலிம்பிக், கிராண்ட் ரீற்றன் என்னும் இரு தேசியப் பூங்காக்களில் 53 மாணாக்கர் முதன்முதலாகப் பணியாற்றினர். அதன் வழியே வளர்ந்ததுதான் மாணவர் பேணற் சங்கம். இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளேயான ஒரு பெண் தொடங்கிய இப்பணிக்காக, 2010 ஆம் ஆண்டில் அவர் சனாதிபதியின் குடிமக்கள் விருதைப் பெற்றார். இன்று அந்நாட்டின் பூங்காக்கள் பலவற்றில் நடைபெறும் பயிற்சிப்பணிகளுக்கு இதுவே முன்மாதிரி எனலாம்.

பிரெசிடியோ என்னும் நிலம்

பொதுப்படக் கூறுதலினும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டு விளக்குதல் தெளிவு தரும். சான்பிரான்சிஸ்கோ நகரின் வட முனையில், பொன்வாயில் எனப்படும் நீரிணையைப் பார்த்தவண்ணம் அமைந்தது பிரெசிடியோ. அதன் பரப்பு ஏறத்தாழ 1,500 ஏக்கர். 1776 ஆம் ஆண்டில் ஸ்பானியர் அங்குக் கோட்டை அமைத்தனர். பின்னர் மெக்சிக்கோவும் அதன்பின் ஐக்கிய நாடும் அதனைப் படைத்தளமாகக் கொண்டன. 1994 ஆம் ஆண்டிற் படை வெளியேற, அது பொன்வாயில் தேசியப் பொழுதுபோக்கு நிலத்தின் பகுதியாயிற்று.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படையினர் வைத்திருந்த நிலத்தில் இயற்கை எங்ஙனம் எஞ்சியது என வியக்கலாம். சுற்றிலும் நகரம் வளர்ந்து மணற்குன்றுகளையெல்லாம் வீடுகளாக மாற்றிய காலத்தில், படைவேலிக்குட்பட்ட மூலைகள் சில தீண்டப்படாது கிடந்தன. அங்குள்ள பாறையும் அதற்குத் துணைசெய்தது. சேர்ப்பந்தைன் எனப்படும் அப்பச்சைநிறப் பாறையிலிருந்து உண்டாகும் மண்ணில் மகனீசியம் மிகுதி, கல்சியம் குறைவு. நிக்கல், குரோமியம் முதலிய உலோகங்களும் உள. பெரும்பாலான தாவரங்களுக்கு அது நஞ்சு. அந்நஞ்சைத் தாங்கப் பழகிய சில செடிகளுக்கோ அதுவே அரண். உலகில் வேறெங்குங் காணுதற்கரிய செடிகள் அங்கு வாழ்வது இக்காரணத்தாலேயே.

ஆயினும் மனிதன் கை அங்கும் நீண்டது. 1880களிற் படையினர் காற்றைத் தடுக்கவும் அழகூட்டவும் கருதி யூக்கலிப்ரசு, சைப்பிரசு, பைன் மரங்களைப் பெருந்தொகையாக நட்டனர். மணலைக் கட்டுப்படுத்த ஐரோப்பியக் கடற்கரைப் புல்லைக் கொணர்ந்தனர். தென்னாபிரிக்காவைச் சேர்ந்த பனிச்செடி என்னும் சதைப்பற்றுள்ள படர்கொடி கம்பளம்போல் நிலத்தை மூடிற்று. இவை யாவும் நல்லெண்ணத்தோடு நடப்பட்டவை என்பது கருதற்பாலது. அசைந்து பெயரும் மணலிலே வாழப் பழகிய சிறு செடிகள், அசையாத மணலிலும் அடர்ந்த நிழலிலும் வாழ இயலாது மறைந்தன. நிலத்தை அறியாது செய்யும் நன்மையும் தீமையாய் முடிதல் கூடும். பேணற் பயிற்சியின் முதற்பாடம் இதுவேயாம்.

பயிலுநர் செய்யும் பணி

இத்தகைய பூங்காவிற் சேரும் பயிலுநர் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை தங்கிப் பணியாற்றுவர். அவர் பணியை நால்வகையாகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது வித்துச் சேகரித்தல். கேட்போர்க்கு எளிதாகத் தோன்றும் இப்பணியில் நுட்பங்கள் பல உள. ஓரிடத்தில் நடவிருக்குஞ் செடிக்கு வித்து அவ்விடத்திலிருந்தோ, அதனையடுத்த நீரோட்டப் பகுதியிலிருந்தோ எடுக்கப்படல் வேண்டும். ஒரே இனச் செடியாயினும், கடற்காற்றில் வளர்ந்தது வேறு. உள்நாட்டு வெயிலில் வளர்ந்தது வேறு. அவற்றின் பரம்பரையலகுகள் அந்தந்த இடத்துக்கேற்பப் பன்னெடுங்காலமாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. மேலும், ஒரே செடியில் நிறைந்திருப்பதையெல்லாம் உருவிக்கொள்ளுதல் தகாது. பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, பறவைக்கும் எறும்புக்கும் மண்ணுக்கும் உரிய பங்கை விட்டுவைத்தல் முறை. எடுத்த நாள், இடம், தாய்ச்செடிகளின் தொகை என்பன உறையின்மேல் எழுதப்படும். குறிப்பில்லாத வித்து, பெயரெழுதாத மருந்துப் புட்டிக்கு ஒப்பானது.

இரண்டாவது நாற்றுமேடைப் பணி. வித்துக்களுட் சில நீரில் ஊறினால் முளைப்பன; சில குளிரிற் கிடந்தாலன்றி முளையா; சிலவற்றின் தோலை உரைஞ்சிக் கீறல் வேண்டும். இவற்றினும் முக்கியமானது தூய்மை. பைற்றோப்தரா என்னும் நுண்ணங்கிப் பேரினம் பங்கசுபோலத் தோன்றுவது. உண்மையிற் பங்கசு அன்று. 1845 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும்பஞ்சத்துக்குக் காரணமாயது இப்பேரினத்தைச் சேர்ந்த ஓர் இனமே. கலிபோர்ணியாவின் ஓக் மரங்களைக் கொல்வதும் அப்பேரினத்தைச் சேர்ந்த வேறோர் இனம். நாற்றுமேடைகளிலிருந்து செல்லும் செடிகளின் வேரோடு இந்நோய் காட்டினுட் புகுதல் கூடும் என்பது அண்மைக்காலத்தில் அறியப்பட்டது. காட்டைக் காக்கச் சென்ற செடியே காட்டுக்குக் கூற்றுவனாகும் நிலை அது. ஆதலின் சாடிகளும் மண்ணும் வெப்பத்தினால் நோய்நீக்கப்படுகின்றன. செடிகள் நிலத்திற் படாவண்ணம் உயர்ந்த மேடைகளில் வைக்கப்படுகின்றன. நீர்க்குழாயின் வாய் தரையிலே படலாகாது. புகுவோர் தம் காலணியிலுள்ள சேற்றை நீக்கி மதுசாரந் தெளித்தல் வேண்டும். அறுவைச் சாலையிற் கைகழுவுதல் எத்துணை இன்றியமையாததோ, ஈண்டுக் காலணியைத் துடைத்தலும் அத்துணை இன்றியமையாதது.

மூன்றாவது வேற்றுநாட்டுச் செடிகளை அகற்றலும் நாட்டுச் செடிகளை நடுதலும். மழை மாரிக்காலத்திலேயே பெய்யும் நாடாதலின், நடுகை அக்காலத்தில் நிகழும். களையகற்றலில் வேகத்தினும் வரிசைமுறையே முக்கியம். மிகக் கெட்டுள்ள இடத்தில் முதலிற் கைவைக்க மனம் அவாவும். அனுபவமுடையோர் அவ்வாறு செய்யார். நல்ல நிலம் எஞ்சியுள்ள இடத்திற் றொடங்கி, அதன் விளிம்பை மெல்ல வெளிநோக்கி விரித்துச் செல்வர். முன்னையது முயற்சியை விழுங்கும். பின்னையதில் நாட்டுச் செடிகளே வித்தையுதிர்த்து மனிதனுக்குத் துணைசெய்யும். மேலும், ஒருமுறை பிடுங்கியதோடு பணி முடிவதில்லை. மண்ணிற் கிடக்கும் களைவித்துக்கள் ஆண்டுதோறும் முளைப்பனவாதலின், அவை தீருமளவும் ஆண்டுதோறும் மீண்டு வருதல் வேண்டும்.

நான்காவது கணக்கெடுத்தல். அளவுக்கயிறு பிடித்து, அதன் நெடுகிலும் நிற்குஞ் செடிகளை எண்ணுதல். ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் ஒளிப்படம் எடுத்தல். அரிய செடிகளை ஒவ்வொன்றாகக் குறித்தல் என்பன இதிலடங்கும். நட்டதைச் சொல்லி மகிழ்தல் எளிது. நட்டதில் எத்தனை பிழைத்தன என எண்ணிப் பார்த்தல் கடினம். விஞ்ஞானம் தொடங்குவது இரண்டாவதிலேதான்.

இவற்றோடு, விடுமுறை நாள்களில் வருந் தொண்டர்க்கு வழிகாட்டும் பொறுப்பும் பயிலுநர்க்கு உண்டு. நேற்றுக் கற்றதை இன்று கற்பிக்க வேண்டியிருத்தலின், அரைகுறையாய்க் கற்றது உடனே வெளிப்பட்டுவிடும். கற்பித்தலே கற்றலின் உரைகல் என்பதை ஆசிரியரெவரும் அறிவர்.

ஒற்றைச் செடியின் கதை

இத்துணை நுணுக்கம் எதற்கு என்பார்க்கு விடையாக இரு செடிகளின் வரலாற்றைக் கூறலாம். மன்சனீட்டா என்பது கலிபோர்ணியாவிற்குரிய, செம்மரப்பட்டையும் மணிபோன்ற பூவுமுடைய குறுஞ்செடி. 1950களின் தொடக்கத்திற் பீற்றர் றேவன் என்னும் பள்ளிமாணவன் பிரெசிடியோவின் பாறைச் சரிவில் அதன் அரிய வகையொன்றைக் கண்டான். அம்மாணவனே பின்னாளில் உலகறிந்த தாவரவியலறிஞராகி, மிசூரித் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக நெடுங்காலம் விளங்கியவர். அவர் பெயராலேயே அச்செடி வழங்கப்படுகின்றது. இயற்கையாக முளைத்து வளர்ந்த றேவன் மன்சனீட்டா உலகில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியுள்ளது. 1979 ஆம் ஆண்டில் அது அழியுந் தறுவாயிலுள்ள இனமாகச் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. அது நிற்குமிடம் பொதுமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை.

அதன் கிளைகளை வெட்டி வேரூன்றச் செய்து புதுச்செடிகள் வளர்த்துள்ளனர். ஆயினும், வெட்டுத்துண்டிலிருந்து வளருஞ் செடி தாய்ச்செடியின் பரம்பரையலகுகளையே கொண்டது. நூறு செடி வளர்த்தாலும், நோயொன்று வருங்காலத்து, அவை நூறும் ஒரு செடியே. தாயைக் கொல்லும் நோய் நூறையுங் கொல்லும். காலணியிற் சேறு பற்றி நாற்றுமேடையில் இவ்வளவு கவலை கொள்வதன் காரணம் இப்பொழுது விளங்கும். ஓர் இனத்தின் முழு வாழ்வும் பயிலுநன் ஒருவனின் காலணியைச் சார்ந்து நிற்றல் கூடும்.

மற்றையது பிரான்சிஸ்கன் மன்சனீட்டா. 1947 ஆம் ஆண்டில் அது நின்ற பழைய இடுகாடு கட்டடங்களுக்காக அழிக்கப்பட்டபொழுது, காட்டு நிலையில் அச்செடி ஒழிந்ததெனக் கருதப்பட்டது. தாவரவியற் பூங்காக்களிலே மாத்திரம் சில எஞ்சின. அறுபதாண்டுகளுக்கு மேற் கடந்தன. 2009 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், பொன்வாயிற் பாலத்துக்குச் செல்லும் பெருந்தெருவைப் புதுக்குதற்பொருட்டு அங்கிருந்த மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. அவ்வழியே வண்டியிற் சென்ற சூழலியலாளர் ஒருவர் தெருவோரத்திலே தனித்துக் கிடந்த ஒரு செடியைக் கண்டு ஐயுற்றார். ஆராய்ந்தபோது அது பிரான்சிஸ்கன் மன்சனீட்டாவே எனத் தெளிவாயிற்று. 2010 ஆம் ஆண்டு சனவரியில் வேரையும் மண்ணையும் குலையாது பெயர்த்து, பிரெசிடியோவிற் பாதுகாப்பானதோர் இடத்தில் அதனை நட்டனர். 2012 ஆம் ஆண்டில் அதுவும் பாதுகாக்கப்பட்ட இனமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் நாடோறும் சென்ற தெரு அது. அவருட் செடியைக் கண்டவர், கண்பயின்ற ஒருவரே.

இழந்ததும் மீட்டதும்

எல்லாக் கதைகளும் இவ்வாறு முடிவன அல்ல. செர்சீஸ் நீலம் என்னும் வண்ணத்துப்பூச்சி சான்பிரான்சிஸ்கோ மணற்குன்றுகளுக்கே உரியது. அதன் குடம்பிகள் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடிகளை உண்டு வாழ்ந்தன. மணற்குன்றுகள் மறைய, 1940களின் தொடக்கத்தோடு அப்பூச்சியும் மறைந்தது. 2024 ஆம் ஆண்டில், அதற்கு நெருங்கிய உறவினதாகிய வெள்ளிநீல வண்ணத்துப்பூச்சிகளைப் பிறிதோரிடத்திலிருந்து கொணர்ந்து பிரெசிடியோ மணற்குன்றுகளில் விட்டனர். அவை உயிர்வாழ உணவுச்செடியும் மணலும் முன்னரே ஆயத்தமாயிருந்தன அல்லவா? ஆண்டுக்கணக்காகக் களை பிடுங்கிச் செடி நட்டோரின் உழைப்பே அவ்வாயத்தம். ஆயினும், வந்தது உறவினமேயன்றி மறைந்த இனம் அன்று.

கிறிசிவெளி என்னுங் கரையோரப் பகுதியின் செய்தி சற்று மகிழ்ச்சி தருவது. அங்கிருந்த உவர்ச்சதுப்பு 1915 ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக நிரப்பப்பட்டது. பின்னர் அது படையினரின் விமானத்தளமாயிற்று. நச்சுக்கழிவை அகற்றி, மண்ணைத் தோண்டி, 1999 ஆம் ஆண்டு நவம்பரிற் குடாக்கடலின் நீரை மீண்டும் உள்ளே விட்டனர். இன்று ஏறத்தாழ 18 ஏக்கர்ச் சதுப்பில் வற்றுப்பெருக்கு நாடோறும் நிகழ்கின்றது. பறவைகளும் மீன்களும் மீண்டுள்ளன. அங்கு நடப்பட்ட நாட்டுச் செடிகள் ஏறத்தாழ ஓர் இலட்சம். அவற்றை வளர்த்து நட்டோர் ஆயிரக்கணக்கான தொண்டரும் மாணாக்கருமாவர்.

ஒரு குறையும் அதன் தீர்வும்

இப்பயிற்சிமுறையின்கண் உள்ள குறையையுங் கூறாது விடுதல் நேர்மையன்று. பயிலுநர்க்குக் கிடைப்பது பெரும்பாலுஞ் சிறு உதவித்தொகையே, சிலவிடங்களில் அதுவுமில்லை. உறைவிடம் தருவாருமுளர், தராதாருமுளர். பெற்றோரின் துணையுள்ள மாணாக்கன் ஓராண்டு அவ்வாறு வாழ்தல் கூடும். உழைத்து வீட்டுக்கு அனுப்பவேண்டியவனுக்கு அது இயலாது. பிற்காலத்திற் பூங்காப் பணிகளுக்கு ஆள் தெரியும்பொழுது முன்னனுபவம் கேட்கப்படும். அனுபவம் பெற முடிந்தவன் பணி பெறுவான். மற்றவன் வாயிலிலேயே நிற்பான். பொதுமக்களின் நிலத்தைக் காக்கும் உரிமை, ஊதியமின்றி வாழ வல்லார்க்கே உரியதாய்விடும்.

இங்கேதான் 1933 ஆம் ஆண்டின் படையை நினைவுகூர வேண்டும். அது பெண்களை ஏற்காமையும் கறுப்பின இளைஞரை ஒதுக்கினமையும் பெருங் குற்றங்கள். ஆயின், உழைப்புக்கு ஊதியம் தந்து, அதன் பெரும்பகுதியை ஏழைக் குடும்பத்துக்கு அனுப்பிய அதன் நெறி குற்றமற்றது. 1957 ஆம் ஆண்டில் எழுந்த முயற்சியோ கல்வியை முதன்மையாகக் கொண்டது, ஊதியத்தைக் கொண்டதன்று. முன்னையதன் ஊதியமும் பின்னையதன் கல்வியும் ஒருங்கு சேர்ந்தாலன்றி இம்முறை நிறைவுறாது. இதனை உணர்ந்து ஊதியமும் உறைவிடமும் தரும் பயிற்சியிடங்களே ஏனையவற்றுக்கு வழிகாட்டுவனவாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். இயற்கையைப் பேணல் என்பது ஒருநாள் விழாவன்று. ஆண்டுதோறும் மீண்டு செய்யப்படும் தொழில் என்பது ஒன்று. அத்தொழிலின் நுட்பங்கள் நூலிலே முழுதும் அடங்கா. கைபார்த்துக் கைபழகி வழிவழியாக வருவன என்பது இரண்டு. அவ்வழி ஒரு தலைமுறை அறுந்தாலும், மீட்க இயலாத இழப்பு நேருமென்பது மூன்று. செர்சீஸ் நீலம் மறைந்தபோது அதனைக் காக்க முனைந்த கைகள் இருக்கவில்லை; றேவன் மன்சனீட்டா இன்றும் நிற்பதற்கு அத்தகைய கைகள் இருப்பதே காரணம்.

மாணாக்கர் ஈண்டுக் கருதவேண்டியது பிறிதொன்றும் உண்டு. அரிய செடியைப் பாறையிற் கண்டவன் ஒரு பள்ளிமாணவன். பூங்காக்களிற் பயிற்சிப்பணி தோன்ற வித்திட்டவர் ஒரு கல்லூரி மாணவி. இருவரும் பதவியையோ ஆண்டு முதிர்ச்சியையோ எதிர்பார்த்திருந்தாரல்லர். ஒருவன் தன் ஊர் நிலத்தைக் கூர்ந்து நோக்கினான். மற்றவர் தாம் எழுதியதைச் செயலாக்கினார். நோக்குதலும் செய்தலுமாகிய இவ்விரண்டையும் கற்பிக்கும் இடம் எதுவாயினும், சுவரும் கூரையும் இல்லாவிடினும், அதனைப் பள்ளியென்று கூறுதல் தகும்.